77 கிலோவின் கணக்கு: மார்செலோ கார்சியா பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

களியக்காவிளையிலிருந்து குழித்துறை வரையிலான ஊர்களில் ஒரு பையன் சண்டை படிக்கக் கிளம்பினால், அண்மைக் காலம் வரை அவன் போய் நின்ற இடம் ஓர் ஆசானின் வாசலாகத்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்த பிறகும், எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கங்களில் இதே ஆசான் மரபு தொடர்கிறது. இங்கே அடிமுறை என்று சொல்லப்படுவதை அங்கே தெற்கன் களரி என்கிறார்கள். இந்தப் பகுதியில், எதிரியைத் தரையில் வீழ்த்திப் பூட்டியும் நெரித்தும் அடக்கும் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சுவுக்காக மேட் விரித்திருக்கும் ஒரு சிறிய கூடத்தில் நான் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மெலிந்த உடல்வாகு கொண்டவர்கள்; விடிவதற்கு முன் ரப்பர் பால் வெட்டிவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்களும் அவர்களில் உண்டு. திருவனந்தபுரத்திலோ பெங்களூருவிலோ நடக்கும் போட்டிகளில் எடைப் பிரிவு இல்லாத ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தால், தங்களைவிட இருபது, முப்பது கிலோ கூடிய ஆளோடு இவர்கள் மோத வேண்டியிருக்கும். நுட்பம் இருந்தால் எடை ஒரு பொருட்டே அல்ல என்று விளம்பரப் பலகைகள் சொல்வதை எங்கள் பையன்கள் நம்புவதில்லை. அவர்கள் நம்பாதது சரிதான் என்பது என் கருத்து.

அதனால்தான் இந்த ஆய்வுக்குப் பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் மார்செலோ கார்சியாவை எடுத்துக்கொண்டேன். அவரைவிட அதிகப் பட்டங்கள் வென்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தன்னைவிடப் பெரிய உடலை எதிர்கொள்ளும் பிரச்சினையை வெறும் துணிச்சலாக வைத்துக்கொள்ளாமல், எதைப் பயில்வது, எதைக் கைவிடுவது என்ற தேர்வாகவே மாற்றி, அந்தத் தேர்வைப் பின்னர் கற்பித்தலுக்கும் கொண்டு போனவர் என்ற வகையில், ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே இழையில் வைத்துப் பார்க்கத்தக்க வாழ்க்கை அவருடையது.

பின்னணி

கார்சியா 1983 ஜனவரி 17 அன்று பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் ஃபோர்மிகா என்ற ஊரில் பிறந்தார். சிறுவயதில் ஜூடோ, பிறகு ஜியு-ஜிட்சு, பிறகு சாவோ பாவ்லோவில் ஃபாபியோ குர்ஜெலிடம் பயிற்சி என்று அவருடைய தொடக்கம் அமைந்தது. குரு வழியைப் பெரிதாக மதிக்கும் நம் ஊர் வாசகர்களுக்காக அதையும் சொல்லிவிடலாம். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா பிரேசிலின் பெலெம் நகரில் கார்லோஸ் கிரேசிக்குக் கற்பித்தார். அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ரோல்ஸ் கிரேசி, 1982-இல் ஹேங் கிளைடர் விபத்தில் இறப்பதற்கு முன் கறுப்பு பெல்ட் அளித்த மிகச் சிலரில் ஒருவர் ரொமேரோ ஜக்கரே கவல்காந்தி. கவல்காந்தியின் மாணவர் குர்ஜெல், குர்ஜெலின் மாணவர் கார்சியா. அலையன்ஸ் என்னும் அணியின் பெயர் இவர்களோடு சேர்ந்தே வரும்.

உலகம் அவரைக் கவனித்தது 2003-இல், சாவோ பாவ்லோவில் நடந்த ஏடிசிசி போட்டியில். அபுதாபியில் 1998-இல் தொடங்கிய இப்போட்டி, ஜியு-ஜிட்சு உடையான கி இல்லாமல் நடப்பது. ஆட்டத்தின் முதல் பகுதியில் புள்ளிகளே கிடையாது என்பதால், எதிரியைத் தட்டவைத்து, அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டச் செய்து, முடிப்பவருக்கு அது நல்ல களம். கார்சியா தகுதிச் சுற்றில் தோற்று, கடைசி நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தவர். அப்படி வந்தவர் ரென்சோ கிரேசியை வென்றார். உலகப் பட்டங்கள் பெற்றிருந்த விட்டோர் ரிபேரோவை, ஷாலின் என்ற பெயரால் அறியப்பட்டவரை, அரை நிமிடத்துக்குள் முதுகுப் பக்கம் புகுந்து கழுத்தை நெரித்து மயங்க வைத்தார். 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு இருபது வயது.

அதன் பிறகு 2005, 2007, 2011 ஆண்டுகளிலும் அதே பிரிவில் ஏடிசிசி பட்டம். கி அணிந்து ஆடும் உலகப் போட்டியில் நடுத்தர எடைப் பிரிவில் 2004, 2006, 2009, 2010, 2011 என ஐந்து பட்டங்கள். இவை பட்டியல் சங்கதிகள். எங்கள் கேள்விக்கு இவற்றைவிட முக்கியமானவை அவர் எடை வரம்பில்லாத பிரிவில் இறங்கிய ஆட்டங்கள். 2005-இல், யுஎஃப்சி என்னும் கலப்புச் சண்டைப் போட்டியின் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ரிக்கோ ரோட்ரிகஸைத் தட்டவைத்து அப்பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தார். 2007-இல் இறுதி வரை போனார்.

தேர்வு என்ற முறை

இனி ஆய்வின் மையத்துக்கு வருகிறேன். கிமுரா என்பது எதிரியின் மணிக்கட்டைப் பிடித்து, நம் இன்னொரு கையை அவர் கைக்கு மேலாகச் சுற்றிக் கோத்து, தோள் மூட்டைப் பின்புறமாகத் திருப்பும் பூட்டு. எல்லாக் கூடங்களிலும் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படும் அதைத் தான் பயன்படுத்துவதில்லை என்று கார்சியா பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் கூறும் காரணம் எளிது: தன்னைவிட வலிமையான ஒருவரின் கையை மடக்க வேண்டுமானால், முடிவில் தன் கைபலம் அவர் கைபலத்தோடு மோத வேண்டும். சிறியவனிடம் பலிக்கும், பெரியவனிடம் பலிக்காது என்று தெரிந்த ஒன்றைப் பயில்வதற்கு நேரம் செலவிட அவர் மறுத்தார்.

இந்த மறுப்பின் விளைவுகளை வரிசையாகத் தொடர்ந்து பார்த்தால் அவருடைய ஆட்டம் முழுவதும் புரிந்துவிடுகிறது. கை விலக்கப்பட்டுவிட்டதால் மிஞ்சுவது கழுத்து. கழுத்தின் இரு பக்கமும் ஓடும் தமனிகளை ஒருசேர அழுத்தினால் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து சில நொடிகளில் மயக்கம் வருகிறது. நூறு கிலோ உடம்புக்காரருக்கும் இது அப்படித்தான். எனவே அவருடைய முடிப்புகள் மூன்று கழுத்துப் பிடிகளில் குவிந்தன: முதுகிலிருந்து போடும் நெரிப்பு, எதிரியின் கையை உள்ளே சேர்க்காமல் கழுத்தை மட்டும் வளைக்கும் கில்லட்டின், மல்லாந்து கிடப்பவரின் தலைமாட்டிலிருந்து போடும் நார்த்-சவுத் சோக். பெரிய ஆளின் முதுகுக்கு எப்படிப் போவது என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஆர்ம் டிராக்: எதிரியின் கையைக் குறுக்கே இழுத்துவிட்டு அவரைச் சுற்றிப் பின்னால் போவது. ஷாலினோடு நடந்ததும் அதுதான். எதிரி கீழே வராமல் நின்றுகொண்டால் என்ன செய்வது? கீழே இருப்பவர் கால்களால் எதிரியைத் தடுத்து ஆடும் நிலைக்குக் கார்டு என்று பெயர்; உட்கார்ந்தபடியே ஆடும் பட்டர்ஃபிளை கார்டிலிருந்து அவருடைய காலடியில் புகுந்து, இரு கால்களையும் அவருடைய தொடையில் குறுக்காகக் கோத்து, மறுகாலைத் தோளில் ஏந்துவது. எக்ஸ் கார்டு எனப்படும் இதை உலகம் முழுவதும் பரப்பியவர் கார்சியாதான் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அங்கே பெரியவரின் எடை முழுவதும் ஒற்றைக் காலில் தொங்குகிறது. அவரைச் சாய்க்க அவரைத் தூக்க வேண்டியதில்லை, அவர் நிற்கும் இடத்தை விலக்கினால் போதும்.

இப்படியாக, ஒரு கழித்தலில் தொடங்கிய ஆட்டம் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து மூடிய வட்டமாகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் அதில் இருக்கும் பிடிகள் மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான நுட்பங்கள் அறிந்த ஆட்டக்காரர் என்ற புகழ் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பது எதிரிக்கு முன்கூட்டியே தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

எங்கள் கூடத்துக்கு அவ்வப்போது வந்து திண்ணையில் அமர்ந்து பார்க்கும் முதிய ஆசான் ஒருவர் உண்டு. அடிமுறையில் பூட்டும் பிரிவும் (பிடித்துப் பூட்டுவதும் அதிலிருந்து விடுபடுவதும்) என்று ஒரு பகுதியே இருப்பதால், மேட்டில் நடப்பது அவருக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. கார்சியாவின் ஆட்டக் காட்சிகளை அவருக்குக் காட்டியபோது, “கையைப் பிடிக்கியவன் பலத்தோட மல்லுக்கு நிக்கியான் மக்ளே, கழுத்தைப் பிடிக்கியவன் மூச்சோட நிக்கியான் ஆக்கும்” என்றார். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் உடனே, “மூச்சு இல்ல ஆசானே, ரத்தம்” என்றான். ஆசான் அவனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அப்படியானால் எந்த இடம் என்று தொட்டுக் காட்டச் சொன்னார். பையன் தாடைக்குக் கீழே கிட்டத்தட்டச் சரியாகவே தொட்டான். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களைக் கணக்கு வைத்திருக்கும் மரபுக்காரர் அதற்குப் பிறகு அவனிடம் பேசிய விதமே மாறிவிட்டது.

பயிற்சியாளராக

2007 அளவில் கார்சியா அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பயிற்சி செய்தார். அந்த ஆண்டு அக்டோபரில் தென் கொரியாவின் சியோலில் எம்எம்ஏ எனப்படும் கலப்புச் சண்டையில் தன் ஒரே ஆட்டத்தை ஆடி, வெட்டுக் காயத்தால் ஆட்டம் நிறுத்தப்பட்டுத் தோற்றார். அந்தத் துறையில் அதற்குமேல் அவர் போகவில்லை. 2009-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் தன் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அதில் அவருக்குக் கூட்டாளியாக இருந்தவர் ஜோஷ் வெயிட்ஸ்கின். அமெரிக்க இளையோர் சதுரங்கப் பட்டம் வென்றவர், சர்வதேச மாஸ்டர், பின்னாளில் கார்சியாவிடமே கறுப்பு பெல்ட் பெற்றவர்.

இந்தக் கூடத்தில் நடந்த ஒன்று அன்றைக்குப் பலருக்கும் விபரீதமாகத் தோன்றியது. கார்சியா தன் அன்றாட வகுப்புகளையும், மாணவர்களோடு தான் உருளும், அதாவது மோதிப் பழகும், பயிற்சிகளையும் படம்பிடித்துச் சந்தா செலுத்தும் எவரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார். அவர் இன்னும் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. உலகப் போட்டியில் எதிரே நிற்கப்போகிறவர் முந்தைய வாரம் வரை அவர் என்ன பயின்றார் என்பதைப் பார்த்துவிட்டு வரலாம். இதற்கான நியாயத்தை வெயிட்ஸ்கின் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார்: கார்சியாவின் ஆட்டத்தைப் படித்து வருபவர் கார்சியாவின் ஆட்டத்துக்குள்ளேயே வருகிறார், அங்கே அவரைவிட அதிக நேரம் புழங்கியவர் வேறு யாரும் இல்லை.

பெருந்தன்மை என்று மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போவது போதாது. ஆட்டம் சிறியதாக இருந்ததால்தான் அதைத் திறந்து காட்ட முடிந்தது. எதிர்பாராத தாக்குதலை நம்பி வாழ்பவருக்கு இரகசியம் தேவை. ஏனென்றால் அவருடைய பிடி ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் அதன் மதிப்புப் போய்விடும். பெரிய ஆளிடமும், முன்பே அறிந்த ஆளிடமும் பலிப்பதை மட்டும் வைத்துக்கொண்டவருக்கு இழக்க ஒன்றுமில்லை. எங்கள் பகுதியில் இதைச் சொன்னால் வாதம் எழும், எழத்தான் செய்தது. வர்மத்தை மாணவனின் குணம் பார்த்து ஆண்டுகள் கழித்தே சொல்லும் வழக்கத்துக்குத் தன் நியாயம் இருக்கிறது, தவறான கையில் போனால் உயிர்ச்சேதம் வரும் என்பதால். ஆனால் அந்த நியாயம் ஆபத்தைப் பற்றியது. போட்டியில் யாருக்கு லாபம் என்பதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாதாரணப் பிடிகளைக்கூட மறைத்துவைக்கும் சில கூடங்களில் இந்தக் குழப்பத்தைத்தான் காண்கிறேன்.

அவருடைய பயிற்சி முறையில் இன்னும் இரண்டு கூறுகள் கவனத்துக்குரியவை. ஒன்று, ஒரே அசைவை எதிர்ப்பில்லாத துணையோடு நூறு முறை திருப்பிச் செய்வதில் அவருக்கு நம்பிக்கை குறைவு. எதிர்ப்புள்ள உருளலிலேயே நேரத்தைச் செலவிடச் சொல்பவர், தானும் அப்படியே செய்தவர். உடற்பயிற்சிக் கூடத்து எடைகளையும் அவர் பெரிதாக நாடவில்லை. இரண்டாவது, அதிகம் பேசப்பட வேண்டியது, பயிற்சியில் அவர் ஓர் இடத்தைப் பிடித்ததும் அதை இறுக்கிப் பிடித்து உட்காருவதில்லை. எதிராளி தப்ப முயலும்போது அசைய விட்டு, அசைவின் நடுவிலேயே அடுத்த பிடிக்குப் போகிறார். மற்றவர்கள் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு ஒரே தாவலில் போகும்போது, அவர் அந்த இடைவெளியிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார். ஆற்று நீரில் தினமும் குளிப்பவனுக்குச் சுழி இருக்கும் இடம் கால் வழியே தெரிவது போல, அந்த நடுப்பகுதி அவருக்குப் பழகிவிட்டது. பயிற்சியில் தோற்றுவிடுவோமோ என்று பயப்படுபவர் இதைச் செய்ய முடியாது. இறுக்கிப் பிடிப்பவருக்குக் கற்றல் அங்கேயே நின்றுவிடுகிறது.

மாணவர்களைப் பார்த்தால் இந்த முறையின் உண்மையான பலன் தெரியும். மத்தேயுஸ் டினிஸ் 2019 ஏடிசிசியில் 88 கிலோ பிரிவின் இறுதியில் கிரெய்க் ஜோன்ஸை வென்று தங்கம் பெற்றார். குர்ஜெலின் கறுப்பு பெல்ட்டான பெர்னார்டோ ஃபாரியா நியூயார்க்கில் கார்சியாவோடு பயின்று 2015-இல் உலகப் போட்டியின் எடை வரம்பில்லாப் பட்டத்தை வென்றார். ஆனால் ஃபாரியாவின் ஆட்டத்தில் எக்ஸ் கார்டு முன்னிலையில் இல்லை. அவர், எதிரியின் ஒரு காலை மட்டும் தன் கால்களுக்குள் கோத்து ஆடும் ஹாஃப் கார்டிலிருந்து ஆளைக் கவிழ்த்து, மேலிருந்து அழுத்தத்தால் நசுக்கிக் கடக்கும் கனத்த உடம்புக்காரர். தன் பிடிகளைப் பிரதியெடுத்துத் தந்திருந்தால் கார்சியாவால் இப்படி ஒருவரை வளர்த்தெடுக்க முடிந்திருக்காது. கைமாறியது பிடிகள் அல்ல. தன் உடம்புக்குப் பலிப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே எதிர்ப்புக்கு நடுவில் தினமும் உரசிப் பார்க்கும் பழக்கம்.

முறையின் எல்லைகள்

எல்லாம் பலித்தது என்று எழுதினால் அது ஆய்வாகாது. 2007-இல் நியூ ஜெர்சியில் எடை வரம்பில்லாப் பிரிவின் இறுதியில் அவரைவிடக் கனத்த ராபர்ட் டிரைஸ்டேல், டார்ஸ் எனப்படும் நெரிப்பால் அவரைத் தட்டவைத்தார். டார்ஸ் என்பது கழுத்தோடு எதிரியின் கையையும் சேர்த்து வளைத்துப் போடுவது. நீண்ட கை உள்ளவருக்கு வாய்ப்பான பிடி. கார்சியா தன் உடம்புக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிய குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஒருவருக்குப் பொருந்தாதது எதிரே நிற்பவருக்குப் பொருந்தலாம் என்பதால், தேர்ந்து கழிப்பவர் தான் கழித்தவற்றுக்கு எதிரான தற்காப்பைக் கழித்துவிட முடியாது. 2009-இல் பார்சிலோனாவில், முன்பு தன்னிடம் தோற்றிருந்த பப்லோ போபோவிச்சிடம் புள்ளிக் கணக்கில் இறுதியில் தோற்றார். ஒரே எதிரி திரும்பத் திரும்ப வந்தால், திறந்து வைத்த ஆட்டத்தையும் ஒருநாள் படித்து முடித்துவிடலாம் என்பதற்கு அந்தத் தோல்வியைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. ஆனால் 2011-இல் நாட்டிங்காமில் அவர் மீண்டும் பட்டம் வென்றார் என்பதால் அந்த வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். பெரிய குறை வேறொன்று: அவர் விலகியிருந்த காலத்தில் கால் பூட்டுகள், குறிப்பாகக் குதிகாலைத் திருப்பும் ஹீல் ஹுக், ஒரு முழு அமைப்பாக வளர்ந்துவிட்டன. சிறியவர் பெரியவரை வெல்வதற்கு இன்று பல கூடங்கள் கழுத்துக்கு முன்பே காலைத்தான் காட்டுகின்றன. கார்சியாவின் பாடத்தை மட்டும் படித்துப் போகும் மாணவன் இன்றைய மேட்டில் இடுப்புக்குக் கீழே ஆயத்தமில்லாமல் நிற்பான்.

2011-க்குப் பிறகு கார்சியா போட்டிகளிலிருந்து ஒதுங்கினார். 2023-இல் அவருக்கு இரைப்பைப் புற்றுநோய் என்பது தெரியவந்து, சிகிச்சை பெற்று மீண்டார். 2025 ஜனவரி 24 அன்று, தன் 42-ஆம் பிறந்தநாள் கழிந்த மறு வாரம், பாங்காக்கில் ஒன் சாம்பியன்ஷிப் என்னும் சண்டைப் போட்டி நிறுவனத்தின் மேடையில் ஜப்பானின் மசகாசு இமானாரியை எதிர்கொண்டார். இமானாரி கால் பூட்டுகளுக்கே பெயர்போனவர். அவருடைய பெயரைத் தாங்கிய உருளல் ஒன்றே உண்டு. கார்சியா அவரை முடித்தது நார்த்-சவுத் சோக்கில். பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின்னும் கையில் இருந்தது பழைய மூன்றில் ஒன்று. இதை வைத்து அவருடைய முறை காலத்தை வென்றது என்று சிலர் எழுதினார்கள். இமானாரியும் அவரைவிட மூத்தவர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர் என்பதால், அந்த ஓர் ஆட்டத்தின் மேல் அவ்வளவு பாரம் ஏற்றுவது சரியல்ல. அந்த ஆட்டம் காட்டுவது இவ்வளவே: கைபலத்தை நம்பாத பிடி, கைபலம் குறைந்த பின்னும் உடம்பில் தங்கியிருக்கிறது.

எங்கள் கூடத்தில்

இந்த ஆய்வை எங்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் வைத்தபோது, தொடக்கநிலை மாணவர்களின் முதல் ஆண்டுப் பாடத்திலிருந்து கிமுராவை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தேன். அறுபது கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு அந்த நேரத்தை ஆர்ம் டிராக்குக்கும் முதுகுப் பிடிக்கும் கொடுக்கலாம். கனத்தவர்களுக்கு அவரவர் உடம்பைப் பார்த்துப் பாடம் வைக்கலாம். எல்லோருக்குமே கால் பூட்டிலிருந்து தப்பும் வழியை முதல் மாதத்திலிருந்தே சேர்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். வாரத்தில் ஒரு நாள் உருளலில் எந்த நிலையையும் மூன்று மூச்சுக்கு மேல் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்ற விதியை அவர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்.

கிமுரா விஷயத்தில் அவர் உடன்படவில்லை. கார்சியா பலமான எதிரிகளுக்கு நடுவில் பத்தாண்டு ஆடிய பிறகு கழித்ததை, நம் பையன்கள் ஒருமுறைகூடப் பிடித்துப் பாராமல் கழிப்பது தேர்வு ஆகாது, வெறும் இல்லாமை என்றார். அது வலுவான மறுப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன், என் பரிந்துரையை நான் முழுதாகத் திரும்பப் பெறவில்லை என்றாலும். இப்போதைக்குக் கைப்பூட்டுகள் சனிக்கிழமை வகுப்புக்கு நகர்த்தப்பட்டுள்ளன. அன்றைக்கு ஆசானும் வருகிறார். அடிமுறையின் பூட்டையும் அதன் பிரிவையும் அவர் காட்ட, ஜியு-ஜிட்சுவின் கிமுராவை நாங்கள் காட்ட, யாருடைய கை யாரிடம் பலிக்கிறது என்பதை மாணவர்கள் தங்கள் எடையோடு சேர்த்து ஒரு நோட்டில் குறித்து வருகிறார்கள். கைபேசியில் படம்பிடிக்க அவர் தடை சொல்லவில்லை, வர்மத்தைப் பற்றிப் பேசும் நேரம் தவிர. ஓராண்டு நோட்டைப் பார்த்த பிறகு முதல் ஆண்டுப் பாடத்தை மறுபடி எழுதுவதாக முடிவு செய்திருக்கிறோம்.